மாலிக்யூலர் மாடல் கிட்: எத்திலீனைக் கோத்து பாலித்தீன் செய்து பார்க்க வாங்கலாமா?

கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பந்தை அணுவாகவும் குச்சியைப் பிணைப்பாகவும் வைத்து மூலக்கூறு கட்டும் இந்தக் கிட்டை வாங்கலாம். ஆனால் ஒரு டப்பா போதாது, இரண்டு வாங்குங்கள். ஒரே டப்பாதான் வாங்க முடியும் என்றால் இரட்டைப் பிணைப்புக்கான வளையும் குச்சி எத்தனை இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தைத்தான் எந்த ரிவ்யூவிலும் எவரும் எழுதவில்லை, எல்லாரும் "நைஸ் பிராடக்ட், குட் பேக்கிங்" என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டில் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்கிறேன். பாலிமர் பகுதி வந்தால் பிள்ளைகளுக்கு அது ஓய்வு நேரம் மாதிரி. ஒரு பக்கம் எத்திலீன், நடுவில் அம்புக்குறி, மறுபக்கம் அடைப்புக்குறிக்குள் அதே எத்திலீன், கீழே சின்னதாக ஒரு 'n', அதாவது எத்தனை எத்திலீன் கோத்தது என்ற எண்ணிக்கை. மனப்பாடம் பண்ணி எழுதினால் மார்க் வந்துவிடும். "சரி, இந்தப் பக்கம் இருந்த இரட்டைப் பிணைப்பு அந்தப் பக்கம் எங்கே போச்சு?" என்று கேட்டால் மட்டும் எல்லார் தலையும் குனியும். அதற்காகத்தான் இதை வாங்கினேன். மற்றபடி ஐசோமர், கைரல் கார்பன் இதற்கெல்லாம் இந்த கிட் நன்றாகவே இருக்கும், அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது சின்ன ஆல்கீன் மூலக்கூறுகளை, அதாவது எத்திலீன் மாதிரி இரட்டைப் பிணைப்பு உள்ளவற்றைக் கோத்துப் பலபடி (பாலிமர்) செய்வதற்கு இது எவ்வளவு தூரம் உதவுகிறது என்பதை மட்டும்.

ஆன்லைனில் வாங்கினேன், விலை ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. டப்பாவின் மேல் உருப்படியாக ஒரு கம்பெனிப் பெயர் கிடையாது. இருந்த பெயரை எழுதினாலும் இதே டப்பா நாளைக்கு வேறு பெயரில் வரும், அதனால் பெயரை விட்டுவிடுகிறேன், உள்ளே இருப்பதைப் பாருங்கள். கறுப்புக் கார்பன் 24, வெள்ளை ஹைட்ரஜன் 40, சிவப்பு ஆக்சிஜன் 12, பச்சை ஹாலஜன் 8, அப்புறம் கொஞ்சம் நீலம், மஞ்சள், ஊதா. குச்சிகள் மூன்று வகை: ஹைட்ரஜனுக்குக் குட்டையான வெள்ளைக் குச்சி, ஒற்றைப் பிணைப்புக்கு நடுத்தரச் சாம்பல் குச்சி, இரட்டைப் பிணைப்புக்கு நீளமான வளையும் குச்சி. விளம்பரத்தில் பெரிதாக ஒரு எண்ணிக்கை போட்டிருப்பார்கள், அதில் பாதிக்கு மேல் குச்சிதான், குச்சியைப் பிடுங்குகிற கருவியையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் எண்ணிக்கையை நம்பி வாங்காதீர்கள்.

தரம் பரவாயில்லை. கறுப்புப் பந்தின் நான்கு ஓட்டைகளும் சரியான நான்முகிக் கோணத்தில் இருக்கின்றன, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிவப்புப் பந்துகளில் சிலது ரொம்ப இறுக்கம், குச்சியை உள்ளே தள்ளினால் வெளியே எடுக்க விரல் நகம் போகிறது. வெள்ளைப் பந்து அதற்கு நேர்மாறு, லூஸ். கட்டிய சங்கிலியைத் தூக்கிக் காட்டினால் நாலு ஹைட்ரஜன் மேஜைக்கு அடியில் உருண்டு ஓடும். திறந்ததும் ஒரு பிளாஸ்டிக் வாடை வந்தது, வெயிலில் வைத்ததும் போய்விட்டது. உள்ளே இருக்கும் தட்டு மட்டும் மெல்லிசு, ஒருமுறை அழுத்திப் பிடித்தாலே கிழிகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். எத்திலீன், புத்தகப் பெயர் ஈத்தீன். இரண்டு கறுப்பு, நான்கு வெள்ளை. இரண்டு கறுப்புக்கும் நடுவில் வளையும் குச்சி இரண்டு. இதைக் கட்டி முடித்ததும் முதலில் ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன்: ஆறு பந்துகளும் ஒரே தளத்தில் வந்து உட்காரும். நாம் எதுவும் செய்ய வேண்டாம், ஓட்டைகளின் கோணமே அப்படிக் கொண்டுவந்து நிறுத்திவிடும். ஒரு கார்பனைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருகச் சொன்னால் திருகாது. இரட்டைப் பிணைப்பு சுழலாது என்று போர்டில் எழுதிச் சொல்வதைவிட இது பத்து மடங்கு நன்றாக ஏறுகிறது.

ஆனால் கிட் சொல்லும் முதல் பொய்யும் இங்கேதான். இரண்டு குச்சியும் ஒரே மாதிரி இருக்கின்றன. நிஜத்தில் அப்படி இல்லை. கார்பனுக்கும் கார்பனுக்கும் நேர்கோட்டில் இருப்பது சிக்மா, அது உறுதி. மேலும் கீழுமாகப் பரவி நிற்பது பை, அது அவ்வளவு உறுதி இல்லை. ஒற்றைப் பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும், இரட்டையை முழுதாக உடைக்கச் சுமார் 610. இரண்டும் சமபலம் என்றால் 700 வந்திருக்க வேண்டும் இல்லையா? அந்தக் குறைவான பங்குதான் பை பிணைப்புக்கு. பாலித்தீன் என்கிற பொருளே உலகத்தில் இருப்பதற்கு அந்தப் பலவீனம்தான் காரணம், அதைக் கிட் காட்டுவதே இல்லை. இன்னொன்று, இரட்டைப் பிணைப்பின் நீளம் 1.34 ஆங்ஸ்ட்ராம், ஒற்றையின் நீளம் 1.54. இதில் வளையும் குச்சி நீளமானது என்பதால் இரட்டைப் பிணைப்பு குட்டையாக இருப்பதாகவே தெரியாது. நான் ஒரு குச்சிக்கு ஸ்கெட்ச் பேனாவில் சிவப்பு அடித்து வைத்திருக்கிறேன், அதுதான் பை, அதைத்தான் பிடுங்க வேண்டும் என்று. வாங்குகிறவர்கள் அப்படிச் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது இந்தக் கிட்டின் நிஜமான பலம். சிவப்புக் குச்சியின் ஒரு முனையைப் பிடுங்கினால் ஒரு கார்பனில் ஒரு ஓட்டை காலியாகும். அந்தக் காலி ஓட்டைதான் இணை சேராத எலக்ட்ரான், அதாவது தனி உறுப்பு. புத்தகத்தில் கார்பன் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருப்பார்கள், அந்தப் புள்ளியைப் பிள்ளைகள் முக்கால்வாசி நேரம் எழுத மறந்துவிடுவார்கள். ஓட்டையை யாரும் மறப்பதில்லை, கண்ணுக்கு எதிரே வாயைத் திறந்துகொண்டு நிற்கும்போது எப்படி மறப்பது? வினையை ஆரம்பித்து வைக்கத் தொடக்கி ஒன்று வேண்டுமே என்றால் பென்சாயில் பெராக்சைடை முழுசாகக் கட்ட உட்கார்ந்தால் பதினான்கு கறுப்புப் பந்து அதற்கே போய்விடும், அதனால் இரண்டு சிவப்புப் பந்தைக் கோத்து ஆளுக்கு ஒரு வெள்ளை மாட்டி ஹைட்ரஜன் பெராக்சைடாக வைத்துக்கொள்வேன். ஆக்சிஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவில் உள்ள பிணைப்பு ரொம்ப சோனி, சூடு பட்டாலே இரண்டாகப் பிரியும். பிரிந்தால் இரண்டு துண்டிலும் ஆளுக்கு ஒரு ஓட்டை. அதில் ஒரு துண்டு போய் எத்திலீனின் பை குச்சியைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், எத்திலீனின் மறுகோடியில் ஓட்டை விழும், அந்த ஓட்டை அடுத்த எத்திலீனைத் தேடும். ஓட்டை இடம் மாறிக்கொண்டே போகிறதே தவிர மறைவதில்லை. சங்கிலி வினை என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று அதற்குமேல் விளக்கவே வேண்டியதில்லை.

இது எப்போது நிற்கும்? இரண்டு சங்கிலிகளின் ஓட்டைகள் எதிரெதிரே சந்தித்தால் ஒரு குச்சியைப் போட்டுக் கோத்துவிடலாம், கதை முடிந்தது. இல்லையென்றால் ஒரு சங்கிலி மற்றதன் கடைசிக்கு முந்தின கார்பனிலிருந்து ஒரு வெள்ளைப் பந்தைப் பறித்துத் தன் ஓட்டையில் மாட்டிக்கொள்ளும், பறிகொடுத்தவன் முனையில் புதிதாக ஓர் இரட்டைப் பிணைப்பு வரும். இரண்டு முடிவையும் கையாலேயே செய்து பார்க்கலாம். இதற்குக் கிட்டுக்கு முழு மார்க்.

இந்த இடத்தில் பாலித்தீன் பிறந்த கதையைச் சொன்னால் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். 1933 மார்ச்சில், இங்கிலாந்தில் செஷயர் பகுதியில் வின்னிங்டன் என்ற ஊரில் ஐசிஐ என்ற வேதிப்பொருள் கம்பெனியின் ஆய்வுக்கூடம். ரெஜினால்ட் கிப்சன், எரிக் ஃபாசெட் என்ற இருவரும் எத்திலீனையும் பென்சால்டிஹைடையும் ஒன்றாக வினைபுரிய வைக்கப் பார்த்தார்கள், 170 டிகிரி சூடு, காற்றழுத்தத்தைப் போல 2000 மடங்குக்குப் பக்கத்தில் அழுத்தம். நினைத்தது நடக்கவில்லை. கலனைத் திறந்தால் சுவரில் மெழுகு மாதிரி வெள்ளையாகக் கொஞ்சூண்டு ஒட்டியிருந்தது, அரை கிராம்கூட இல்லை. மறுபடி செய்தபோது சில நேரம் வந்தது, சில நேரம் கலன் வெடித்தது. 1935 டிசம்பரில் மைக்கேல் பெரினும் கூட்டாளிகளும் செய்தபோது கருவியில் எங்கோ கசிவு, அழுத்தம் குறைய, மேற்கொண்டு எத்திலீனை ஏற்றினார்கள், அதில் தற்செயலாகச் சரியான அளவு ஆக்சிஜன் துளி கலந்திருந்தது. அந்த ஆக்சிஜன்தான் ஓட்டையை ஆரம்பித்து வைத்த ஆள். 1939-இல் ஆலை ஓட ஆரம்பித்தது, போர்க்காலத்தில் ரேடார் கேபிள்களுக்கு உறை போட இது கை கொடுத்தது.

அடுத்து, கணக்கு. எனக்கு இந்தக் கிட்டில் ரொம்பப் பிடித்தது இதுதான். ஆறு எத்திலீன் கட்டினால் வளையும் குச்சி பன்னிரண்டு செலவாகும். எல்லாவற்றையும் திறந்து வரிசையாகக் கோத்து முடித்தபின் மேஜையில் தேடிப் பாருங்கள், ஒரு பந்துகூட மிச்சம் இருக்காது. ஒவ்வொரு எத்திலீனும் தன் இரண்டு பிணைப்பில் ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மற்றதைப் பக்கத்து ஆளுக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கழிவு கிடையாது, தண்ணீர் விழுவது கிடையாது. சேர்ப்புப் பலபடி என்றால் இதுதான். எங்கள் பிள்ளை ஒருத்தி உடனே தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டி "மிஸ், இதுவும் இப்படித்தானா?" என்றாள். இல்லை. அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்ட பாட்டில் பெட் (PET) என்ற பிளாஸ்டிக், அது ஆல்கீனைக் கோத்துச் செய்வதில்லை, அங்கே இரண்டு வகை மூலக்கூறு சேரும்போது நடுவில் சின்ன மூலக்கூறு கழன்று விழும். அதே பாட்டிலின் மூடி மட்டும் பெரும்பாலும் பாலிஎத்திலீன் (நம் பாலித்தீன்தான்) அல்லது பாலிபுரோப்பிலீன், நம் ஆல்கீன் குடும்பம். நம்பிக்கை இல்லையென்றால் மூடியைத் தண்ணீரில் போடுங்கள், மிதக்கும். பெட் துண்டை வெட்டிப் போட்டால் மூழ்கும்.

அதே சோதனையை இந்தக் கிட்டுக்கே செய்து பார்த்தோம். எதில் செய்தது என்று டப்பாவில் ஒரு வரிகூட இல்லை. வளையும் குச்சி மிதந்தது, பந்து மூழ்கியது. மிதக்கிறது என்றால் குச்சி பாலிஎத்திலீனாகவோ பாலிபுரோப்பிலீனாகவோதான் இருக்க வேண்டும், இந்த ரகச் சாமான்களில் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தவை அவை இரண்டும்தான். ஆக, எத்திலீனின் பிணைப்பாக நடிக்கிற குச்சியே அப்படிப்பட்ட பல்லாயிரம் பிணைப்புகளால் ஆனது. வளைத்து வளைத்துப் பார்த்ததில் வளைவில் வெள்ளைக் கோடு விழுகிறது, ஆனால் இதுவரை ஒன்றும் முறியவில்லை.

நீளம் விஷயத்தில் எந்தக் கிட்டாலும் ஒன்றும் செய்ய முடியாது, இருந்தாலும் கணக்குப் போட்டுக் காட்டலாம். இதில் ஒரு கறுப்புப் பந்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை சுமார் 3 சென்டிமீட்டர். சங்கிலியை வளைவு நெளிவாக நீட்டி வைத்தால் ஓர் எத்திலீனுக்கு 5 சென்டிமீட்டர் ஆகிறது. பத்தாயிரம் எத்திலீன் கோத்த சங்கிலி என்றால், மூலக்கூறு எடை 2,80,000, அது ஒன்றும் அதிசயமான அளவு இல்லை, இந்த அளவுகோலில் அரை கிலோமீட்டர் நீளும். செயற்கை மூட்டுக்குப் பயன்படும் அதிநீளப் பாலிஎத்திலீனின் மூலக்கூறு எடை பல லட்சம் என்று ஆரம்பித்துக் கோடிக்குப் பக்கம்கூடப் போகும், 35 லட்சம் என்று வைத்தாலே 6 கிலோமீட்டருக்கு மேல். இதைச் சொன்னபிறகு அந்தச் சின்ன 'n' மேல் பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை வருகிறது. டப்பாவில் உள்ள குச்சியை வைத்து ஆறு எத்திலீன்தான் ஒரே நேரத்தில் கட்ட முடியும் என்பதை நினைத்தால் சிரிப்புதான்.

நான் எதிர்பார்க்காத ஒரு விஷயம் இதில் கிடைத்தது. ஆறு எத்திலீனைக் கோத்து, முனையில் ஓட்டையை அப்படியே விட்டு, சங்கிலியைக் கையில் வைத்துச் சும்மா திருகிக்கொண்டிருந்தால், முனை தானாக மடங்கித் தன் உடம்பையே தொட வரும். எந்த இடத்தைத் தொடுகிறது என்று பாருங்கள்: ஓட்டை உள்ள கார்பனை ஒன்று என்று எண்ணினால், ஐந்தாவது கார்பனில் உள்ள ஹைட்ரஜன் வசதியாக ஓட்டைக்கு நேராக வந்து நிற்கும், ஆறு பேர் கொண்ட வளையம் மாதிரி. அந்த வெள்ளைப் பந்தைப் பிடுங்கி முனை ஓட்டையில் மாட்டுங்கள். இப்போது ஓட்டை ஐந்தாவது கார்பனுக்கு மாறிவிட்டது, இனி சங்கிலி அங்கிருந்துதான் வளரும், பழைய முனையின் நான்கு கார்பன் கிளையாகத் தொங்கும். அதிக அழுத்தத்தில் செய்த பாலித்தீனில் நான்கு கார்பன் கிளைகள் நிறைய இருப்பதன் காரணம் இதுதான். படிக்கும்போது எனக்கும் இது வெறும் வரிதான், கையில் செய்து பார்த்தபோதுதான் ஏன் நான்கு, ஏன் மூன்றோ ஏழோ இல்லை என்பது விரலுக்குப் புரிந்தது.

கிளை இருந்தால் சங்கிலிகள் ஒன்றோடு ஒன்று நெருங்கிப் படுக்க முடியாது. அதனால் அடர்த்தி குறைவு, மென்மை, 110 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும். பால் கவர், துணிக்கடைக் கவர் எல்லாம் இந்த வகையறா. கிளை இல்லாமல் நேராக இருந்தால் அடுக்கி வைத்தாற்போல் படுக்கும், கெட்டியாகும், 130 டிகிரி வரை தாங்கும், பக்கெட், குடம், டிரம் எல்லாம் அது. இரண்டு பேர் ஆளுக்கொரு சங்கிலி கட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், கிளைச் சங்கிலி இடிக்கும். இதற்கும்தான் இரண்டு டப்பா வேண்டும் என்கிறேன்.

கிளை இல்லாமல் செய்த முதல் ஆட்களில் ஒருவர் கார்ல் சீக்லர். ஜெர்மனியில் மூல்ஹைமில் நிலக்கரி ஆராய்ச்சி நிலையம், 1953. அலுமினியச் சேர்மத்தை வைத்து எத்திலீனைக் கோக்கப் பார்த்தபோது சங்கிலி வளராமல் இரண்டிலேயே நின்றது, தேடினால் கலனில் துளி நிக்கல் ஒட்டியிருந்தது. நிக்கல் இப்படிக் கெடுக்கிறது என்றால் வேறு உலோகம் என்ன செய்யும் என்று வரிசையாகப் போட்டுப் பார்த்து டைட்டேனியத்தில் வந்து நின்றார்கள். சாதாரண அழுத்தத்திலேயே பாலித்தீன் வந்தது. இரண்டாயிரம் மடங்கு அழுத்தம் எங்கே, இது எங்கே! அமெரிக்காவில் ஃபிலிப்ஸ் பெட்ரோலியத்தில் ஹோகன், பேங்க்ஸ் இருவரும் குரோமியத்தை வைத்து 1951-லேயே வேறு வழியில் இதே இடத்துக்கு வந்திருந்தார்கள்.

இங்கே கிட் தடுமாறுகிறது. டைட்டேனியத்துக்குப் பந்து இல்லை. நான் ஊதா பாஸ்பரஸ் பந்தை டைட்டேனியம் என்று வைத்துக்கொண்டேன், ஓட்டைகள் அதிகம் என்பதால். இந்த வழியில் சங்கிலி முனையில் வளர்வதில்லை, அடியில் வளர்கிறது: எத்திலீன் வந்து உலோகத்தில் ஒட்டும், பிறகு உலோகத்துக்கும் சங்கிலிக்கும் நடுவில் நுழைந்துகொள்ளும், பழைய சங்கிலி இரண்டு கார்பன் தள்ளிப் போகும். பூ கட்டும்போது கையிலிருக்கும் முனையில்தானே புதுப் பூ சேரும், கட்டிய சரம் கீழே இறங்கிக்கொண்டே போகும், அந்த மாதிரி. ஊதாப் பந்தை மேஜையில் ஒட்டி வைத்துவிட்டுச் செய்தால் நன்றாகத் தெரிகிறது. ஓட்டை முனையில் திறந்து நிற்பதே இல்லை என்பதால் முன்னால் சொன்ன மடங்குகிற வேலை நடக்காது, கிளையும் வராது. இரண்டையும் அடுத்தடுத்து செய்து காட்டினால் ஒரே எத்திலீனில் ஏன் இரண்டு விதப் பாலித்தீன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இப்போது புரோப்பிலீன். இந்த ஒரு பாடத்துக்காகவே கொடுத்த காசு சரியாகப் போயிற்று என்பேன். எத்திலீனில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு மெத்தில், அதாவது மூன்று ஹைட்ரஜன் மாட்டிய ஒரு கார்பன் வைத்தால் புரோப்பிலீன். ஒரு டப்பாவில் 40 வெள்ளை, ஒரு புரோப்பிலீனுக்கு ஆறு, ஆக ஆறு மூலக்கூறோடு வெள்ளை தீர்ந்துவிடும், கறுப்பு மிச்சம் கிடக்கும். கோத்து, நெளிவாக நீட்டி மேஜையில் படுக்க வையுங்கள். மெத்தில் எல்லாம் நம் பக்கம் பார்த்து நிற்கிறதா, ஒன்றுவிட்டு ஒன்று முன்னும் பின்னுமாக நிற்கிறதா, இஷ்டத்துக்கு நிற்கிறதா? ஆளுக்கு ஒரு சங்கிலி கட்டச் சொன்னால் எல்லாரும் கவனிக்காமல் கட்டி, இஷ்டத்துக்கு நிற்கும் வகையைத்தான் கொண்டுவருவார்கள். அதை ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள். திருகிப் பார்ப்பார்கள், மடக்கிப் பார்ப்பார்கள், ஒரு மெத்திலை முன்னால் கொண்டுவந்தால் சங்கிலியே கோணிக்கொள்ளும். குச்சியைப் பிடுங்கி மாட்டாமல் ஒன்றும் நடக்காது. சுழற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிடும். எந்தப் படமும், எந்த வீடியோவும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

ஒழுங்கில்லாதது பிசுபிசுப்பான, மென்மையான சமாச்சாரம், பசை மாதிரி வேலைகளுக்குத்தான் ஆகும். எல்லா மெத்திலும் ஒரே பக்கம் நிற்கும் வகை 160 டிகிரிக்கு மேல்தான் உருகும், கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் ஊற்றும் டப்பா, நாற்காலி, சிமெண்ட் சாக்கு, ஊசி போடும் சிரிஞ்ச் எல்லாம் அது. அணுக்கள் அதே, எண்ணிக்கை அதே, நிற்கிற பக்கம்தான் வேறு. மிலான் நகரில் ஜூலியோ நத்தா 1954-இல் சீக்லரின் வினையூக்கியை எடுத்து புரோப்பிலீன்மேல் போட்டு இந்த ஒழுங்கான வகையைப் பிரித்தெடுத்தார், 1963-இல் இருவருக்கும் சேர்த்து நோபல். கிட்டில் இன்னொன்றும் தெரியும்: எல்லா மெத்திலும் ஒரே பக்கம் வைத்து நீட்டினால் அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெருக்கமாக நிற்கும், கொஞ்சம் விட்டுக் கொடுத்துத் திருகினால் சங்கிலி சுருளாகச் சுற்றிக்கொண்டு நிம்மதியாகும். நிஜச் சங்கிலியும் அப்படித்தான், மூன்று புரோப்பிலீனுக்கு ஒரு சுற்று.

கிட் சொல்லாத ஒன்று: எத்திலீனுக்குச் செய்தது போல ஓட்டை முறையில் புரோப்பிலீனை நீளமாக வளர்க்க முடியாது. ஓட்டை போய் இரட்டைப் பிணைப்பைப் பிடிக்காமல் பக்கத்து மெத்திலில் இருக்கும் ஹைட்ரஜனைப் பறித்துவிடும், அப்படி உருவாகும் புது ஓட்டை சோம்பேறி, மேற்கொண்டு எதையும் பிடிக்காது. குச்சியும் பந்தும் வைத்துக்கொண்டு இருந்தால் எல்லாமே நடக்கும் போலத் தோன்றும், எது நடக்கும் எது நடக்காது என்பதை வாத்தியார்தான் வாயால் சொல்ல வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் பச்சைப் பந்து வைத்தால் வினைல் குளோரைடு, எட்டுப் பச்சை இருப்பதால் எட்டு அலகு வரை பிவிசி கோக்கலாம், ஆனால் குச்சி பற்றாது, பகுதி பகுதியாகத் திறந்து கோத்துக்கொண்டு போக வேண்டும். நான்கு ஹைட்ரஜனும் பச்சை என்றால் டெட்ராபுளூரோஎத்திலீன், இரண்டு மூலக்கூறோடு பச்சை காலி. 1938 ஏப்ரலில் டூபான்ட் கம்பெனியின் ராய் பிளங்கெட் இந்த வாயு நிரப்பிய சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை, எடை மட்டும் குறையாமல் இருந்தது, அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி. நம் நான்ஸ்டிக் தவாவின் பூச்சு அதுதான். ஸ்டைரீன் கட்ட ஆசைப்படாதீர்கள், பென்சீன் வளையத்துக்கே மூன்று இரட்டைப் பிணைப்பு, பாதிக் குச்சி அதிலேயே போய்விடும்.

இதில் வராதவை எவை என்று கேட்டால், சூடு. எத்திலீன் சேரும்போது ஒரு மோலுக்கு 90 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வெளியே வருகிறது, ஆலையில் அதை இழுத்து வெளியேற்றுவதுதான் பெரிய தலைவலி, விட்டால் எத்திலீனே சிதைந்து வெடிக்கும். வின்னிங்டனில் கலன் வெடித்தது சும்மா இல்லை. இதைக் குச்சியில் எப்படிக் காட்டுவது? வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் அறையில் விடுவதும் இதே எத்திலீன்தான், நம் நாட்டில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி உண்டு. அங்கே ஏன் பாலித்தீன் உருவாகவில்லை என்று ஒரு பையன் கேட்டான், நல்ல கேள்வி. தொடக்கியும் இல்லை, அழுத்தமும் இல்லை, வினையூக்கியும் இல்லை, காற்றில் எத்திலீன் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. அங்கே இரட்டைப் பிணைப்பு பலவீனமாக இருந்தும் பிரயோஜனமில்லை, அதைத் திறக்க ஆள் வேண்டும்.

மாற்று என்ன இருக்கிறது? ஜெம் கிளிப்பைக் கோத்துக் காட்டுவது இலவசம், நீளத்தைக் காட்ட அது இதைவிட நல்லதுகூட. ஆனால் அதில் திறப்பதற்கு எதுவும் இல்லை, கிளை வராது, பக்கம் கிடையாது. பல்குத்தும் குச்சியும் மைதா உருண்டையும் வைத்தால் கோணம் எங்கெங்கோ போகும், எத்திலீன் ஒரே தளத்தில் உட்காரவே உட்காராது. மொபைல் ஆப்களில் மூலக்கூறைச் சுழற்றிப் பார்க்கலாம், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மெத்திலை மறுபக்கம் கொண்டுவர முடியாமல் விரல் திணறுகிற அனுபவம் அதில் இல்லை.

விற்றவர்களின் சேவை சுமார். ஒரு டப்பாவில் கறுப்புப் பந்து ஒன்றில் ஓட்டை சரியாக விழாமல் அடைத்திருந்தது, போட்டோ அனுப்பிக் கேட்டதற்கு முழு டப்பாவையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள், ஒரு பந்துக்காக யார் அனுப்புவார்கள்? சூடான ஊசியால் நானே குத்திச் சரிசெய்துகொண்டேன். வளையும் குச்சி தனியாக விற்கிறீர்களா என்று கேட்டால் பதிலே இல்லை.

மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. குச்சி இருபது இருந்தால் நாலரை கொடுத்திருப்பேன். டியூஷன் எடுப்பவர்கள், பள்ளி ஆய்வகத்துக்கு வாங்குபவர்கள் தாராளமாக வாங்கலாம். ஒரு பிள்ளைக்காக மட்டும் வாங்கும் பெற்றோர் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து ஆளுக்கு ஒன்று வாங்கி இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டால் 13 புரோப்பிலீன் வரை கட்டலாம், சுருள் நான்கு சுற்று தாராளமாக வரும். டப்பாவோடு வரும் தட்டை வைத்துக்கொண்டு மல்லாடாதீர்கள், ஃபேன்சி ஸ்டோரில் பாசிமணி போட்டு வைக்க அறை அறையாகத் தடுத்த டப்பா விற்கிறார்கள், அதில் போட்டுவிட்டால் வெள்ளைப் பந்து ஓடாது.